மயிற்பொறி முதல் மாதிரி விமானம் வரை

வானில் பறக்க வேண்டும் என்னும் வேட்கை மக்கட்கு மிகப் பழையது. தமிழ் இலக்கியத்தில் அதற்கு இரண்டு சான்றுகள் எடுத்துக்காட்டப்பெறுவது வழக்கம். ஒன்று, உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய புறநானூற்றின் 27ஆம் பாட்டு. புலவர் பாடும் புகழுடையோர், பாகன் செலுத்தாத வானவூர்தியில் ஏறி விண்ணுலகு செல்வர் என்னும் கருத்து அதில் வருகின்றது. மற்றொன்று, திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணி. சச்சந்த மன்னன் தன் தேவி விசயைக்காகச் செய்வித்த மயிற்பொறி அக்காப்பியத்தின் முதல் இலம்பகத்திலேயே பறக்கின்றது.

இவற்றைக் கொண்டு பண்டைத் தமிழர் விமானம் ஓட்டினர் என்று வாதிடுவது வரலாறு ஆகாது. அவை கவிஞரின் கற்பனைகளே. ஆயினும் தேவரின் கற்பனையில் ஒரு நுட்பம் உண்டு. அவருடைய கம்மியன் மயிலைப் பொன்னாலும் இரும்பாலும் செய்யவில்லை. துணி, பிசின், நூல், அரக்கு, மெழுகு முதலியவற்றைக் கொண்டு ஏழே நாளில் செய்து முடிக்கின்றான். பொறியை வலப்பக்கம் திருப்பினால் மயில் எழும். இடப்பக்கம் திருப்பினால் இறங்கும். செய்து முடித்தவுடன் விசயை அதில் ஏறிப் பறந்துவிடவும் இல்லை. முன்னதாக அதனை இயக்கப் பழகுகின்றாள். பறக்கும் பொருள் எடை குறைந்ததாக இருத்தல் வேண்டும். இயக்குவோர்க்குப் பயிற்சி வேண்டும். பறத்தற்கலையின் இவ்விரண்டு அடிப்படைகளையும் அப்புலவர் உணர்ந்திருந்தார் என்று துணிந்து கூறலாம்.

மெய்யான விமானத்தின் வரலாறும் இவ்வழியேதான் நடந்தது. அவ்வரலாற்றின் இரண்டு ஏடுகள் சிங்கப்பூரில், தமிழர் நாள்தோறும் நடமாடும் சிராங்கூன் சாலையை அடுத்தே எழுதப்பட்டன.

விளையாட்டுப் பொருளே முன்னோடி

மனிதரைச் சுமந்த விமானம் பிறப்பதற்கு முன்பே சிறு மாதிரி விமானம் பறந்துவிட்டது. 1871ஆம் ஆண்டில் அல்போன்சு பெனோ என்னும் பிரெஞ்சு இளைஞர், முறுக்கிய ரப்பரால் சுழலும் விசிறி பூட்டிய ஒரு சிறு மாதிரியைப் பாரிஸ் நகரத் தோட்டமொன்றில் அறிஞர் முன்னிலையில் பறக்கவிட்டார். பத்து நொடிக்குச் சற்று மேல்தான் அது வானில் இருந்தது. ஆயினும் வாலில் ஒரு சிறு தகடு அமைத்தால் பறக்கும் பொருள் தானே நிலைகொள்ளும் என்பதை அது காட்டிவிட்டது. 1878இல் அமெரிக்காவில் ரைட் என்னும் பாதிரியார், பெனோவின் முறையில் அமைந்த ரப்பர் விசைப் பொம்மை ஒன்றைத் தம் சிறுவர் இருவர்க்கு வாங்கி வந்தார். 1903இல் முதல் விமானத்தைப் பறக்கவிட்டவர்கள் அந்தச் சிறுவர்களே ஆவர்.

ஆஸ்திரேலியாவில் லாரன்ஸ் ஹார்கிரேவ் பெட்டி வடிவில் பட்டங்கள் கட்டினார். 1894ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் நான்கு பட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்து, அவற்றின் இழுவிசையால் தாமே 16 அடி உயரம் தூக்கப்பட்டார். தம் கண்டுபிடிப்புகளுக்கு அவர் காப்புரிமை கோரவில்லை. உலகமெல்லாம் அறியக் கட்டுரைகளாக எழுதி வெளியிட்டார். அப்பெட்டிப் பட்டத்தின் அமைப்பே ஐரோப்பாவின் முதல் விமானங்கள் பலவற்றுக்கும் எலும்புக்கூடாக அமைந்தது.

பந்தயத் திடலில் விமானம்

1911ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள், இன்று ஃபேரர் பார்க் என வழங்கும் இடத்தில் அன்றிருந்த குதிரைப் பந்தயத் திடலில், ஜோசப் கிறிஸ்தியான்ஸ் என்னும் பெல்ஜிய நாட்டவர் விமானம் ஏறிப் பறந்தார். சிங்கப்பூர் கண்ட முதல் விமானப் பறப்பு அதுவே. அவர் ஓட்டியது பிரிஸ்டல் நிறுவனம் செய்த விமானம். மரச்சட்டம், துணி, இழுத்துக் கட்டிய கம்பி ஆகியவற்றோடு 50 குதிரைத்திறன் கொண்ட ஓர் எந்திரம். அவ்வளவுதான் அதன் உறுப்புகள். பார்ப்பதற்குப் பெரியதொரு பட்டம் போலவே இருந்தமையால் அதனைப் ‘பாக்ஸ்கைட்’, அதாவது பெட்டிப் பட்டம், என்றே அழைத்தனர். ஹார்கிரேவின் பட்டம் எந்திரம் பூண்டு பந்தயத் திடலுக்கு வந்ததென்று கூறினும் தவறன்று.

இதற்கு ஓராண்டு முன்னர்ச் சென்னை மாநகரிலும் இத்தகைய முயற்சி ஒன்று நடந்தது. அங்கு ஹோட்டல் நடத்திவந்த டி ஏஞ்சலிஸ் என்பார், பிளேரியோ 1909இல் ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தியால் ஊக்கம் கொண்டார். தாமே ஒரு விமானத்தை வரைந்து, குதிரை வண்டிகள் கட்டிவந்த சிம்ப்சன் நிறுவனத்தாரைக் கொண்டு அதனைச் செய்வித்து, 1910 மார்ச் மாதத்தில் தீவுத்திடலில் மக்கள் காணப் பறக்கவிட்டார். வண்டிப் பட்டறையே விமானத் தொழிற்சாலையாகிய காலம் அது.

பந்தயத் திடலின் இரண்டாம் ஏடு 1919ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாளுக்குரியது. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு முதன்முதல் பறந்து செல்லும் பரிசுப் போட்டியில், ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்னும் உடன்பிறந்தாரும், பென்னட், ஷயர்ஸ் என்னும் எந்திர வல்லுநர் இருவரும் தங்கள் விக்கர்ஸ் விமி விமானத்தில் இங்கு வந்து இறங்கினர். அவ்வளவு பெரிய இரட்டை எந்திர விமானத்திற்குத் திடல் மிகச் சிறியது. தரையைத் தொட்டபின் நெடுந்தொலைவு ஓடினால் வேலியில் மோத நேரும். ஆதலின் விமானம் இறங்கும்பொழுதே பென்னட் தம் இருக்கையை விட்டு வெளியேறி, விமானத்தின் முதுகின்மேல் ஊர்ந்து வால் பக்கம் சென்றார். அவர் உடலின் எடையால் வால் விரைந்து தாழ, விமானம் ஏறத்தாழ 100 கெஜத்திற்குள் நின்றுவிட்டது. ஓர் ஆளின் எடை இடம் மாறியதால் ஒரு பெரும் விமானத்தின் போக்கே மாறியது!

1933இல் குதிரைப் பந்தயம் புக்கித் தீமாவுக்கு மாறியது. சிலேத்தார், காலாங், பாய லேபார், சாங்கி என விமானங்களும் புதிய நிலையங்களைத் தேடிச் சென்றன. 1942 பிப்ரவரி 17ஆம் நாள் இந்தியப் போர்வீரர்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்ட இடமாகவும் ஃபேரர் பார்க் வரலாற்றில் நின்றது. அவ்விடத்துக்கு முன்பொரு காலத்தில் விமானத்தோடும் உறவு இருந்தது என்பதை இன்று அவ்வழிச் செல்வோர் பலர் அறியார்.

வானொலி பாகனாதல்

ஆளில்லாப் பொறியைத் தொலைவிலிருந்து இயக்கலாம் என்பதை 1898இல் நிக்கோலா டெஸ்லா நியூயார்க் நகரில் ஒரு சிறு படகைக் கொண்டு மெய்ப்பித்தார். மாதிரி விமானத்தை வானொலி அலையால் இயக்குதல் 1930களில் கைகூடியது. அமெரிக்க இரட்டையரான வால்ட்டர் குட், வில்லியம் குட் ஆகியோர் செய்து இயக்கிய ‘கஃப்’ என்னும் மாதிரி இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்றாகப் போற்றப்பெறுகின்றது. அடுத்து வந்த ஆண்டுகளில் எளியோர் கையாண்ட கருவிகளில் பொத்தான் ஒன்றே உண்டு. ஒருமுறை அழுத்தினால் சுக்கான் வலம் திரும்பும். மறுமுறை அழுத்தினால் இடம் திரும்பும். சுக்கானைத் திருப்பும் விசையோ முறுக்கிய ரப்பர்தான். மயிற்பொறியின் வலமும் இடமும், பெனோவின் ரப்பரும் இங்கு மீண்டும் வந்து சேர்ந்தமை காண்க. பின்னர் டிரான்சிஸ்டர் வந்து கருவியின் எடையைக் குறைத்தது. கை அசையும் அளவுக்கேற்பச் சுக்கானும் அசையும் முறை 1960களில் பரவியது.

தொடங்குவோர் கற்பது

இன்று முதன்முதலாக மாதிரி விமானம் கட்டத் தொடங்கும் மாணவர், மேலே கூறிய வரலாறு முழுவதையும் தம் மேசைமேல் மீண்டும் நடத்துகின்றார். முதலில் எடை. அதற்காகவே பால்சா என்னும் மிக இலேசான மரத்தையோ நுரை அட்டையையோ கையாள்கின்றனர். பசை மிகுந்தால் எடையும் மிகும். ஆதலின் பசை இடுவதிலும் சிக்கனம் வேண்டும். அடுத்து நிலைப்பு. உடலுக்கு மேலே அமைந்து, நுனிகள் சற்றே உயர்ந்த இறக்கை தொடங்குவோர்க்கு ஏற்றது. ஒருபுறம் சாய்ந்தாலும் அது தானே நிமிர முயலும்.

மூன்றாவது, எடையின் மையம். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடைப்பட்ட இடத்தில், இரு விரல் நுனிகளால் விமானத்தைத் தாங்கிப் பார்க்க வேண்டும். அது சமமாகவோ மூக்கு சிறிது தாழ்ந்தோ நிற்றல் நன்று. வால் தாழ்ந்தால் மின்கலத்தை முன்னே நகர்த்துதல் வேண்டும். தரையில் பென்னட்டின் எடை விமானத்தை நிறுத்தியது. ஆனால் வானில் வால் கனத்த விமானம் கைக்கு அடங்காது.

நான்காவது பயிற்சி. பறக்கவிடுமுன் சிறிது தொலைவு விலகி நின்று, சுக்கான் கட்டளைக்கு ஏற்ப அசைகின்றதா என்று பார்த்தல் வேண்டும். விமானம் விலகிச் செல்லும்பொழுது அதன் வலம் இயக்குவோரின் வலம். எதிர்நோக்கி வரும்பொழுதோ அதுவே இடமாகிவிடும். தொடங்குவோரைத் தடுமாற வைப்பது பெரும்பாலும் இதுவே. ஏட்டில் படித்து இதனைக் கற்க இயலாது. கையும் கண்ணும் பழக வேண்டும்.

சிறு தீவின் வானம்

சிங்கப்பூரில் இவற்றோடு ஐந்தாம் பாடமும் உண்டு. அது சட்டம். ஆளில்லா விமானங்கள் பற்றிய சட்டம் 2015இல் இயற்றப்பட்டது. விமான நிலையத்திற்கும் விமானப்படைத் தளத்திற்கும் 5 கிலோமீட்டருக்குள்ளும், 200 அடிக்கு மேலும் அனுமதியின்றிப் பறக்கவிடலாகாது. 250 கிராமுக்கு மேற்பட்ட எடையுள்ளவற்றைப் பதிவு செய்தல் 2020இல் கட்டாயமாயிற்று. இக்கட்டுப்பாடு காரணமின்றி வந்ததன்று. 2019 ஜூன் 18ஆம் நாள் இரவு தொடங்கிச் சாங்கியின் அருகே அனுமதியின்றிப் பறந்த டிரோன்களால் 37 விமானங்கள் தாமதமாயின. 5 கிலோமீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டத்தின் பரப்பு 78 சதுர கிலோமீட்டருக்கு மேல். சாங்கி, சிலேத்தார், பாய லேபார், தெங்கா, செம்பவாங் எனப் பல தளங்களைச் சுற்றி இத்தகைய வட்டங்கள் வரைந்தால், 750 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான இத்தீவில் எஞ்சும் வானம் எவ்வளவு என்பதை மாணவரே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

இடம் குறைவென்பதும், தானே நிலைகொண்டு பறக்கும் டிரோன் கடையில் கிடைக்கின்றதென்பதும் உண்மையே. அதனால் கட்டிப் பறக்கவிடும் கலை வீண் எனச் சிலர் கருதக்கூடும். ஆனால் தானே பறக்கும் பொறி, தான் ஏன் பறக்கின்றது என்பதைச் சொல்லித்தருவதில்லை. கட்டியவருக்கே அது விளங்கும். கீழே விழுந்து நொறுங்கியதை எடுத்து மீண்டும் ஒட்டியவருக்கு இன்னும் நன்றாக விளங்கும். பள்ளி மேசையில் பால்சாச் சட்டம் ஒட்டும் ஒரு மாணவிக்கு, அவள் செய்வது பந்தயத் திடலில் 1911இல் பறந்த பெட்டிப் பட்டத்தின் தொடர்ச்சி என்று ஆசிரியர் ஒருவர் எடுத்துரைத்தால், அறிவியலும் வரலாறும் தமிழும் ஒரே பாடத்தில் அமைந்துவிடும். துணியும் பிசினும் நூலும் கொண்டு மயில் செய்த கம்மியனின் பெயரைக் காப்பியம் சொல்லவில்லை. அவன் வழித்தோன்றல்கள் சிராங்கூன் சாலைப் பக்கத்து மாடி வீடுகளிலும் இருக்கக்கூடும் அன்றோ?