செல் சுவாசமும் கார்பன் டை ஆக்சைடும்

மூச்சில் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு நுரையீரலில் உண்டாவதில்லை. பெரும்பாலும் செல்களின் மைட்டோகாண்ட்ரியாவில் உணவு சிதையும்போது அது உருவாகிறது. உள்ளிழுத்த ஆக்சிஜனே கார்பனைச் சேர்த்துக்கொண்டு வெளியே வருகிறது என்று பலரும் நினைப்பது சரியல்ல. அந்த ஆக்சிஜன் எலெக்ட்ரான்களை ஏற்று நீராகிவிடுகிறது. வெளிவரும் கார்பன், உண்ட சோற்றிலும் எண்ணெயிலும் இருந்தது.

ஆறு கார்பன் கொண்ட குளுக்கோஸ், சைட்டோபிளாசத்தில் மூன்று கார்பன் கொண்ட இரு பைருவேட்டுகளாக உடைகிறது. கிளைக்காலிசிஸ் எனப்படும் இக்கட்டத்தில் கார்பன் டை ஆக்சைடு வெளிவராது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் பைருவேட் டிஹைட்ரஜனேஸ் நொதித்தொகுதி ஒவ்வொரு பைருவேட்டிலிருந்தும் ஒரு கார்பனை நீக்கும்போதுதான் முதல் கார்பன் டை ஆக்சைடு பிறக்கிறது. மீதமுள்ள இரு கார்பன்கள் அசிட்டைல் கோ-ஏ வடிவில் சிட்ரிக் அமிலச் சுழற்சிக்குள் போகின்றன. அங்கே ஐசோசிட்ரேட்டிலிருந்து ஒன்று, ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட்டிலிருந்து ஒன்று எனச் சுற்றுக்கு இரண்டு மூலக்கூறுகள் வெளியேறும். வியப்பு என்னவென்றால், அவற்றில் இருப்பவை அப்போது நுழைந்த கார்பன்கள் அல்ல. நுழைந்தவை பின்வரும் சுற்றுகளில்தான் வெளியேறும். ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு சுற்றுகள். பைருவேட்டுகளிலிருந்து முன்பே பிறந்த இரண்டையும் சேர்த்தால் ஆக மொத்தம் ஆறு மூலக்கூறுகள்.

இச்சுழற்சியை 1937-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹான்ஸ் கிரெப்ஸ் விளக்கினார். சுவாச வேகம் மிகுந்த புறாவின் மார்புத் தசையை நறுக்கி அவர் ஆய்வு செய்தார். 1953-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பைருவேட் டிஹைட்ரஜனேஸுக்கு வைட்டமின் பி1 ஆகிய தயமின் இன்றியமையாதது. நன்றாகத் தீட்டிய பச்சரிசியில் தவிட்டோடு தயமினும் போய்விடும். அதையே நம்பி வாழ்ந்தவர்களைப் பெரிபெரி நோய் தாக்கியது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தயமின் அரிசிக்குள் இறங்குவதால் புழுங்கலரிசியில் அது ஓரளவு தங்குகிறது. வேதிவினை ஒன்றுக்கு நம் சமையலறை தந்த அரிய பாதுகாப்பு இது.

ஓய்விலிருக்கும் ஒருவரின் உடலில் நிமிடத்துக்குச் சுமார் 200 மில்லிலிட்டர் கார்பன் டை ஆக்சைடு உண்டாகிறது. அதில் ஏறக்குறைய 70 விழுக்காடு பைகார்பனேட்டாக மாறி இரத்தத்தில் பயணிக்கிறது. சிவப்பணுக்களிலுள்ள கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதி இம்மாற்றத்தை நொடிப்பொழுதில் முடிக்கிறது. ஆனால் மைட்டோகாண்ட்ரியா இல்லாத அந்தச் சிவப்பணுக்கள் குளுக்கோஸை லாக்டேட் வரைதான் சிதைக்கும். அந்த வழியில் கார்பன் டை ஆக்சைடு உண்டாவதே இல்லை.