விண்ணோடம்

அமெரிக்காவின் நாசா 1981 முதல் 2011 வரை இயக்கிய, மனிதரை ஏற்றிச்சென்று மீண்டும் மீண்டும் பயன்பட்ட விண்கலம். அதன் ஆங்கிலப் பெயர் தறியில் இங்குமங்கும் ஓடும் நாடாவைக் குறிப்பது. நாடாவைப் போலவே ஓயாமல், ஏறத்தாழ வாரம் ஒருமுறை போய்வரும் என்று தொடக்கத்தில் எதிர்பார்த்தார்கள். அதிகம் பறந்த 1985இல்கூட 9 பயணங்கள்தாம்.

1972 ஜனவரியில் அதிபர் நிக்சன் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தார். முழுவதும் மீளும் கலத்துக்குப் பணம் இல்லை. கிடைத்தது ஒரு சமரசம். ஓடம் ஓடுபாதையில் இறங்கும். திட எரிபொருள் உந்திகளைக் கடலிலிருந்து கப்பல்கள் இழுத்துவரும். பெரிய எரிபொருள் தொட்டி மட்டும் ஒவ்வொரு முறையும் வீண். 1981 ஏப்ரல் 12 அன்று ஜான் யங், ராபர்ட் கிரிப்பன் இருவருடன் கொலம்பியா என்ற ஓடம் கிளம்பியது. ஆளில்லாமல் ஒருமுறைகூட அதைச் சுற்றுப்பாதைக்கு அனுப்பிப் பார்த்திருக்கவில்லை.

செலவு எங்கே போனது என்பதை ஓடத்தின் அடிவயிற்றில் பார்க்கலாம். வளிமண்டலத்துக்குள் நுழையும்போது எழும் வெப்பத்தைத் தாங்க, சிலிக்கா இழையாலான, தக்கைபோல் கனமற்ற ஓடுகள் 20,000க்கு மேல் ஒட்டப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி எண். ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தாது. திரும்பியதும் அவற்றைக் கையால் சோதித்து, பழுதானவற்றை மாற்ற வேண்டும். மறுபயன்பாடு என்பது நடைமுறையில் மறுசீரமைப்பாகவே முடிந்தது.

ஆனால் வேறெந்தக் கலமும் அன்று செய்ய முடியாததை அது செய்தது. கண்ணாடிக் கோளாறால் மங்கலாகப் பார்த்த ஹபிள் தொலைநோக்கியை 1993 டிசம்பரில் எண்டெவர் ஓடம் பிடித்து நிறுத்த, வீரர்கள் 5 முறை வெளியே வந்து பழுதைச் சரிசெய்தார்கள். பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் பெரும்பகுதியையும் சுமந்துபோனது ஓடமே.

பெருங்குறை பாதுகாப்பு. முதல் 4 பயணங்களுக்குப் பிறகு விமானிகளின் எறி இருக்கைகளும் கைவிடப்பட்டன. 1986 ஜனவரி 28 அன்று திட எரிபொருள் உந்தியில் குளிரால் இறுகிய ரப்பர் வளையத்தால் சேலஞ்சர் ஓடம் 73ஆம் நொடியில் சிதறியது. 2003இல் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு இடது இறக்கையை உடைத்ததால், கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவருடன் கொலம்பியா அழிந்தது. 135 பயணங்களில் உயிரிழந்தவர்கள் 14 பேர்.

இதேபோல் சோவியத் ஒன்றியம் உருவாக்கிய ஓடமான புரான் 1988இல் ஒரேயொரு முறை, ஆளில்லாமல் பறந்தது.

2011 ஜூலையில் அட்லாண்டிஸ் இறங்கியதோடு ஓடங்கள் ஓய்ந்தன. 2020இல் அமெரிக்க வீரர்களை மீண்டும் சொந்த மண்ணிலிருந்து ஏற்றிச்சென்ற க்ரூ டிராகனுக்கு இறக்கை கிடையாது. பாராசூட்டில் கடலில் இறங்கி மறுபடி பறக்கும் அந்தக் கூண்டில், ராக்கெட் பழுதானால் வீரர்களோடு விலகித் தப்பும் எந்திரங்கள் இருக்கின்றன.