வெற்றிக்கு வேண்டுதல் இல்லை

திருவண்ணாமலைக்கு வந்த மகான்களில் கால்பந்து ஆடியவர் ஒருவர் உண்டு. அவர் ரமண மகரிஷி. மதுரையில் வேங்கடராமனாக இருந்த நாளில் கால்பந்து, குஸ்தி, நீச்சல் என்று உடம்புக்கு வேலை கொடுக்கும் எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. பெரியவர்கள் தூங்கிய பிறகு படுக்கையில் தலையணையைப் போர்த்தி ஆள் படுத்திருப்பதுபோல் வைத்துவிட்டு, கூட்டாளிகளோடு விளையாட ஓடிய பையன் அவர். எந்தப் பக்கம் சேர்ந்து ஆடினாலும் அந்தப் பக்கம் ஜெயித்ததால் அவருக்குத் ‘தங்கக்கை’ என்றே பெயர் விழுந்தது.

ஆசிரமத்துக்கு வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் பலர் நம்பத் தயங்குகிறார்கள். எனக்குத் தயக்கம் இல்லை. நான் அடி அண்ணாமலைக்காரன். அரசுப் பள்ளியில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். அண்ணாமலையாரைக் கும்பிடுகிறவன், சென்னையின் எஃப்சி ரசிகன். கிரிவலப் பாதை ஓரத்தில் குடியிருப்பதால் நாள் முழுக்க வாசலில் ‘அரோகரா’ கேட்கும். உள்ளே டிவியில் மேட்ச் ஓடும். சாமியும் பந்தும் வரலாற்றில் எங்கே கைகோத்தன, எங்கே நல்லது செய்தன, எங்கே கெடுத்தன என்று பல வருடமாகத் தேடிப் படித்துவருகிறேன். ஒரு ரசிகன் எதைக் கடவுளிடம் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதில் எனக்கு ஒரு தெளிவு வந்தது அந்தப் படிப்பினால்தான்.

வேங்கடராமன் படித்தது ஸ்காட் நடுநிலைப் பள்ளியிலும் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும். இந்தியாவுக்குள் கால்பந்து நுழைந்த பெரிய வாசல்கள் இரண்டு. ஒன்று பட்டாளத்து முகாம், மற்றது மிஷன் பள்ளி. இங்கிலாந்திலேயே இந்த ஆட்டத்தைத் தேவாலயங்கள்தான் தூக்கி வளர்த்தன. ஆலைத் தொழிலாளிக்குச் சனிக்கிழமை மதியம் விடுப்பு கிடைக்க ஆரம்பித்தபோது, வாலிபர்கள் சாராயக் கடைக்குப் போகாமல் இருக்கப் பாதிரியார்கள் கையில் பந்தைக் கொடுத்தார்கள். எவர்டன் 1878-இல் ஒரு மெதடிஸ்ட் தேவாலயத்தின் அணியாகப் பிறந்தது. மான்செஸ்டர் சிட்டி 1880-இல் செயின்ட் மார்க்ஸ் தேவாலயத்தின் அணி. டாட்டன்ஹாமை ஆரம்பித்த பையன்களில் பலர் பைபிள் வகுப்புக்குப் போனவர்கள். இன்று நம் பிள்ளைகள் பெயர் பொறித்த சட்டை வாங்கிப் போடும் அணிகளில் பல, யாரோ ஒரு போதகர் ஊதிய விசிலில் தொடங்கியவை.

ஆனால் நம் நாட்டில் பந்து வந்து இறங்கியதும் ஒரு சிக்கல் எழுந்தது. பந்து தோலால் ஆனது. ஸ்ரீநகர் மிஷன் பள்ளியின் தலைமை ஆசிரியர் டிண்டேல்-பிஸ்கோ 1891-இல் ஒரு பந்தைக் கொண்டுவந்தார். அது தோல் என்று தெரிந்ததும் பிராமணப் பையன்கள் தொட மறுத்தார்கள். அவர் வற்புறுத்தி மைதானத்துக்கு அழைத்துப்போனார். பந்து ஒரு பையனின் முகத்தில் பட, தீட்டாகிவிட்டேனே என்று அவன் அழுதான். கால்வாய்க்குக் கூட்டிப்போய் முகத்தைக் கழுவிவிட்டு ஆட்டத்தைத் தொடரச் சொன்னார்.

பழைய தோல் பந்தைக் கையாண்டவர்களுக்குத் தெரியும், அதைத் தொடாமல் ஆடவே முடியாது. பந்தின் வாயைப் பிரித்து, உள்ளே ரப்பர் பிளாடரைத் திணித்து, காற்றடித்து, அதன் கழுத்தை முறுக்கிக் கட்டி உள்ளே மடக்கவேண்டும். பிறகு தோல்வாரைக் கோத்துக் கோத்து இறுக்கவேண்டும். தலையால் முட்டும்போது வார் போட்ட பக்கம் நெற்றியில் பட்டால் தோல் வழன்றுவிடும். மழையில் நனைந்தால் பந்து கல்லாகக் கனக்கும். வறண்டு வெடிக்காமல் இருக்க எண்ணெய் தடவி வைப்போம். தோலைப் பதப்படுத்தியவரின் உழைப்பு இல்லாமல் எந்த ஆட்டமும் கிடையாது.

சன்னதியில் முழங்கும் தவிலும் தோல்தான். அந்தத் தோலைத் தந்தவர்களைக் கோயில் வாசலில் நிறுத்திய காலம் ஒன்று இருந்தது. வேங்கடராமன் தினமும் மாலையில் போய் நின்ற மீனாட்சியம்மன் கோயிலே 1939 ஜூலை 8 அன்றுதான் அவர்களுக்குத் திறந்தது. மைதானத்தில் தோளோடு தோள் மோதித்தான் பந்தைப் பறிக்க முடியும். தீட்டுப் பார்க்கிறவனால் கால்பந்து ஆட முடியாது. இந்த ஆட்டத்தை நான் ஆயுசு முழுக்க நேசித்ததற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

1896 ஜூலையில், மதுரையில் சிற்றப்பா வீட்டில், பதினாறு வயது வேங்கடராமனை மரண பயம் பிடித்தது. அவர் பிணம்போல் நீட்டிப் படுத்து, சாவது எது என்று விசாரித்தார். அதற்குப் பின் விளையாட்டில் அவருக்கு நாட்டம் போய்விட்டது. ஆகஸ்ட் 29 அன்று, அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கான 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பி, செப்டம்பர் 1-ஆம் தேதி இந்த ஊர் வந்து சேர்ந்தார். பிறகு 1950-இல் சமாதியடையும்வரை வேறு ஊருக்குப் போகவில்லை.

ஆன்மிகம் வந்தால் ஆட்டத்தை விட்டுவிட வேண்டும் என்பதற்கு இதைச் சான்றாகச் சிலர் சொல்வார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. எந்தப் பக்கம் நின்றாலும் ஜெயித்த பையன் அவர். ஜெயிக்கிறவன் யார் என்று கேட்ட கணத்தில் ஜெயிக்கும் ஆசை அவரைவிட்டு விழுந்தது. விழுந்தது அந்த ஆசை. ஆட்டத்தை அவர் பாவமென்று சொல்லவில்லை. அவர் இந்த ஊர் வந்து ஏறக்குறைய ஐந்து மாதம் கழித்து, 1897 பிப்ரவரியில், விவேகானந்தர் சென்னையில் இளைஞர்களைப் பார்த்து, கீதை படிப்பதைக் காட்டிலும் கால்பந்து உங்களைச் சொர்க்கத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகும் என்ற பொருளில் பேசினார். உடம்பில் வலு ஏறினால் கீதை இன்னும் நன்றாக விளங்கும் என்பது அவர் தந்த விளக்கம். ஒருவர் பந்தை விட்டுவிட்டு மலையடிக்கு வந்து உட்கார்ந்தார். இன்னொருவர் நாட்டின் பிள்ளைகளைப் பந்தை நோக்கி அனுப்பினார். இரண்டும் ஒரே காலத்தில், ஒரே தமிழ்நாட்டில் நடந்தன. இரண்டிலும் எனக்கு முரண் தெரியவில்லை.

விவேகானந்தரின் ஊரில் அந்தச் சொல் பலித்தது. 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் அணி ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதியில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று வென்றது. பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள். பூட்ஸ் போட்டிருந்தவர் லெஃப்ட் பேக் சுதிர் சட்டர்ஜி ஒருவர்தான். அவர் கிறிஸ்தவர், பின்னாளில் போதகரானவர். வெள்ளைக்காரப் பட்டாளத்தைத் தோற்கடித்த அந்த அணியில் அவர் எந்த மதம் என்று அன்று எவரும் கேட்டதாக நான் படித்ததில்லை.

1934-இல் முகமதன் ஸ்போர்ட்டிங், கல்கத்தா லீகை வென்ற முதல் இந்திய அணியானது. 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை அதே கோப்பை. தெற்கே பெங்களூரிலிருந்தும் ஆட்டக்காரர்களைத் தேடிச் சேர்த்தார்கள். நாட்டு முஸ்லிம்களுக்கு அது பெரும் கொண்டாட்டம். ஆனால் அது தேசம் மதத்தால் பிளந்துகொண்டிருந்த காலம். கோல் விழுந்தால் எழும் கூச்சலிலும் அந்தப் பிளவு ஏறிக்கொண்டது. அதே சமயம், வேலி போட மதம்தான் வேண்டும் என்பதும் இல்லை. மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் நடுவே உள்ள பகை, மேற்கு வங்கத்துக்காரருக்கும் கிழக்கிலிருந்து வந்தவருக்கும் உள்ள பகை. இரண்டு பக்கமும் ஒரே துர்க்கையைக் கும்பிட்டார்கள். அப்படியிருந்தும் 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் அந்த இரு அணிகளின் மேட்சில் வெடித்த கலவரத்தில், நெரிசலில் 16 ரசிகர்கள் இறந்தார்கள். ஆட்டம் பார்க்கப் போன பிள்ளை வீடு திரும்பாத பதினாறு குடும்பங்கள் அவை.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இந்தக் கதை இன்னும் கூர்மையானது. 1887 நவம்பரில் செயின்ட் மேரிஸ் தேவாலயக் கூடத்தில் வால்ஃப்ரிட் என்ற அயர்லாந்துத் துறவி செல்டிக் அணியை ஏற்படுத்தினார். பஞ்சம் பிழைக்க வந்த கத்தோலிக்கர்களின் பிள்ளைகள் அங்கே பசியோடு கிடந்தார்கள். மேட்ச் டிக்கெட் காசில் அவர்களுக்குச் சோறு போடுவதே நோக்கம். கிரிவலப் பாதையில் பௌர்ணமி தோறும் அன்னதானத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு, உலகத்துக் கால்பந்து வரலாற்றில் மனதுக்கு மிக நெருங்கிய செய்தி இதுதான். 1888 மே 28 அன்று செல்டிக் தன் முதல் மேட்சை ரேஞ்சர்ஸுடன் ஆடி 5-2 என்று வென்றது. பிறகு ரேஞ்சர்ஸ் புரொட்டஸ்டன்ட்டுகளின் அணியாக இறுகி, கத்தோலிக்கரைச் சேர்ப்பதையே தவிர்த்தது. 1989-இல் மோ ஜான்ஸ்டன் என்ற கத்தோலிக்கரை அது ஒப்பந்தம் செய்தபோது, சொந்த ரசிகர்களிலேயே சிலர் அணியின் கழுத்துத் துண்டுகளைக் கொளுத்தினார்கள். செல்டிக்கோ 1965-இலேயே ஜாக் ஸ்டீன் என்ற புரொட்டஸ்டன்ட்டைப் பயிற்சியாளராக ஏற்றது. இரண்டே வருடத்தில், 1967-இல் லிஸ்பனில், ஐரோப்பியக் கோப்பையை வென்ற முதல் பிரிட்டிஷ் அணியாக அதை அவர் ஆக்கினார். சோறு போட வந்த பக்தி அணியை வளர்த்தது. வேலி போட வந்த பக்தி அதே ஊரைத் தலைமுறைகளுக்குப் பிரித்து வைத்தது.

என் அணிக்கு வருகிறேன். சென்னையின் எஃப்சி 2014-இல் பிறந்தது. நேரு ஸ்டேடியத்தில் பி ஸ்டாண்ட் புளூஸ், சூப்பர் மச்சான்ஸ் கூட்டத்தோடு நின்றவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் கத்துகிறவன் நெற்றியில் விபூதியா, கழுத்தில் சிலுவையா என்று பார்க்க அங்கே நேரம் இராது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. சொந்த ஊரில் ஆடவேண்டிய அரையிறுதி மேட்ச் புனேவுக்குப் போனது. அங்கே கொல்கத்தா அணியை 3-0 என்று வென்றார்கள். வீடு இழந்த ஊருக்கு அந்த மூன்று கோலும் ஆறுதல்.

டிசம்பர் 20 அன்று கோவாவில் இறுதி ஆட்டம். 87-ஆம் நிமிடத்தில் ஜோஃப்ரே அடித்து எஃப்சி கோவாவை 2-1 என்று முன்னால் கொண்டுபோனார். என் வீட்டில் எல்லோரும் கைகூப்பிவிட்டார்கள். 90-ஆம் நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணி கையாலேயே பந்து அவர் வலைக்குள் போனது. அடுத்து மெண்டோசா ஒன்று போட்டார். 3-2, கோப்பை எங்களுக்கு. தெருவில் வெடி போட்டோம். அண்ணாமலையார் கைவிடவில்லை என்றார் வீட்டுப் பெரியவர் ஒருவர்.

மறுநாள் மார்கழி விடியலில் இங்கே மாணிக்கவாசகர் கோயிலில் திருவெம்பாவை பாடினார்கள். அதை அவர் பாடியது இந்த மண்ணில்தான் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. பாட்டைக் கேட்டு நின்றபோது, டிவியில் பார்த்த கட்டிமணியின் முகம்தான் எனக்கு நினைவில் வந்தது. அவர் வீட்டிலும் யாராவது கைகூப்பியிருப்பார்கள். அவர்களை அண்ணாமலையார் கைவிட்டாரா? அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐந்தாம் நாள் பௌர்ணமி. அன்றே கிறிஸ்துமஸ். மலையைச் சுற்றி வந்த கூட்டத்தில் கோவாவுக்காக வேண்டியவர்களும் இருந்திருப்பார்கள். மலை எல்லோருக்கும் ஒரே மலை. அந்த வருடத்திலிருந்து நான் வெற்றிக்காக வேண்டிக்கொள்வதில்லை. யாருக்கும் கால் முறியக் கூடாது, ஊருக்குள் சண்டை வரக் கூடாது, பிள்ளைகள் தொடர்ந்து ஆடவேண்டும். கேட்பது இவ்வளவுதான்.

2018 மார்ச் 17 அன்று பெங்களூரில், பெங்களூரு அணியையே 3-2 என்று வீழ்த்தி இரண்டாவது கோப்பையும் வந்தது. வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ் அந்த வருடத்து அணியில் இருந்தார். 2015 அணியில் மிசோரத்தின் ஜேஜே, பஞ்சாபின் கரண்ஜித் சிங், ஸ்ரீநகரின் மெஹ்ராஜுதீன் வாடூ ஆகியோர் இருந்தார்கள். தோல் பந்து பட்டதென்று ஒரு பையன் அழுத ஸ்ரீநகரிலிருந்து வந்தவருக்காகத்தான் நாங்கள் தொண்டை கிழியக் கத்தினோம். 2020 இறுதியில் 3-1 என்று தோற்றோம். 2018-க்குப் பிறகு கோப்பை வரவில்லை. எனக்கு இதனால் அணி குறைந்துபோகவில்லை. ஜெயித்தால்தான் கும்பிடுவேன் என்பவன் பக்தன் இல்லை. ஜெயித்தால்தான் வருவேன் என்பவன் ரசிகன் இல்லை.

பந்தைக் கொண்டு சோறு போட்டவர்களையும், தீட்டை அழித்தவர்களையும் வரலாறு நல்ல பெயரோடு வைத்திருக்கிறது. பந்தைக் கொண்டு வேலி போட்டவர்கள் பிணங்களையும் கரிந்த துண்டுகளையும்தான் விட்டுப்போனார்கள். அதனால் பௌர்ணமிக்கு இங்கே வந்து அன்னதானம் செய்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஒட்டியும் சுற்றுக் கிராமங்களிலும் நிறைய அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. சோற்றுப் பொட்டலத்தோடு ஏதாவது ஒரு பள்ளிக்கு ஒரு கால்பந்தும், காற்றடிக்கும் பம்பும், அதற்கு இரண்டு ஊசியும் வாங்கிக் கொடுங்கள். அந்தப் பள்ளியின் மைதானத்தில் கட்டடம் எழும்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் அண்ணாமலையாருக்குச் செய்யும் தொண்டுதான்.