தோல் பிரேக் முதல் கரிப் பிரேக் வரை



பிரேசர் மலையிலிருந்து வளைந்து வளைந்து கோலகுபு பாருவுக்கு இறங்கி, ராசா வழியாகச் செல்லும் வண்டிகளை நாம் பார்த்திருக்கிறோம். சில வேளைகளில் சக்கரத்தருகே கருகிய வாடை வீசும். "பிரேக்கு சூடாயிடுச்சுப்பா, கொஞ்சம் ஆறட்டும்" என்று லோரிக்காரர் ஓரங்கட்டுவார். அந்த வாடைக்குப் பின்னால் நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு ஒன்று உண்டு.

ஓடுகிற வண்டியின் வேகம் மாயமாய் மறைந்து போவதில்லை. பிரேக் பிடிக்கும்போது அது உராய்வினால் சூடாக மாறுகிறது. உள்ளங்கைகளைத் தேய்த்துப் பாருங்கள், புரியும். வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்தும்போது பிறக்கும் சூடு நான்கு மடங்காகும். ஆகவே, பிரேக்கின் வரலாறு என்பது சூட்டைத் தாங்கும் பொருளை மனிதன் தேடிய வரலாறே எனலாம்.

முதற்பாடம் கற்பித்தவர் ஒரு பெண்மணி. 1888-ஆம் ஆண்டு ஜெர்மனியில், கணவர் கார்ல் பென்ஸ் செய்த மோட்டார் வண்டியில், பெர்த்தா பென்ஸ் அம்மையார் தம் இரு மகன்களுடன் நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தார். மரத்தாலான பிரேக் கட்டை இறக்கத்தில் தேய்ந்தது. அம்மையார் சோர்ந்துவிடவில்லை. வழியிலிருந்த செருப்புத் தொழிலாளி ஒருவரிடம் சொல்லி, கட்டையின் மேல் தோல் அடிக்கச் செய்தார்.

பின்னர் கல்நார் வந்தது. அது சூட்டை நன்கு தாங்கியது. ஆனால் அதன் தூசு மூச்சில் புகுந்து, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயைக் கொண்டுவந்தது. வண்டியில் போனவரைக் காத்த அதே பொருள், பட்டறையில் அதை ஊதித் துடைத்த தொழிலாளியைக் காக்கவில்லை. இதை நாம் மறக்கலாகாது.

இரும்புத் தட்டைக் கட்டைகள் இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் 'டிஸ்க்' பிரேக், 1953-இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் காருக்கு வெற்றி தேடித் தந்தது. தட்டின் மேல் காற்றுப் படுவதால் சூடு விரைவில் தணியும். ஆயினும் இரும்பு கனமானது.

ஆகாய விமானத்துக்குக் கனம் ஆகாதல்லவா? ஒலியை மிஞ்சிய வேகத்தில் பறந்து, 1976-இல் பயணிகளை ஏற்றத் தொடங்கிய காங்கார்டு விமானத்துக்குக் கரிநாரால் ஆன பிரேக் பொருத்தினார்கள். அதே ஆண்டில் பந்தயக் கார்களிலும் அது நுழைந்தது. நம் சிலாங்கூரின் சிப்பாங் ஓடுதளத்தில் 1999 முதல் 2017 வரை நடந்த பார்முலா ஒன் பந்தயங்களில், வளைவுக்கு வளைவு செந்தணலாய் ஒளிர்ந்தது இந்தக் கரித் தட்டுதான். 2005-இல் கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் அங்கே ஓட்டிய காரிலும் கரிப் பிரேக்கே இருந்தது. இந்தியாவின் தேஜஸ் போர் விமானத்துக்கும் ஐதராபாத் விஞ்ஞானிகள் இத்தகைய பிரேக்கைச் செய்தனர்.

ஆனால் வெறுங்கரி, சூடேறினால்தான் நன்றாகப் பிடிக்கும். சந்தைக்குப் போகிற காருக்கு அது உதவுமா? அதற்காகப் பிறந்ததே கரியும் பீங்கான் வகைப் பொருளும் கலந்த பிரேக். 2001-இல் போர்ஷே நிறுவனம் அதைத் தன் காரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

செய்முறையைக் கேளுங்கள். நறுக்கிய கரிநாரைப் பிசினுடன் கலந்து, அச்சில் அழுத்திச் சூடாக்கித் தட்டாக்குவார்கள். தேங்காய்த் தொட்டியைக் காற்றுப் புகாமல் சுட்டால் சாம்பலாகாமல் கரியாகிறதே, அதுபோல ஏறத்தாழ 1,000 டிகிரி உலையில் சுட, பிசினும் கரியாகும். தட்டெங்கும் நுண்ணிய துளைகள் விழும். பிறகு, மணலிலிருந்து எடுக்கப்படும் சிலிக்கனை 1,414 டிகிரிக்கு மேல் உருக்கி ஊட்டுவார்கள். விளக்குத்திரி எண்ணெயைக் குடிப்பதுபோல் தட்டு அதைக் குடித்துக்கொள்ளும். சிலிக்கனும் கரியும் கூடிச் சிலிக்கன் கார்பைட் ஆகும். சாணைச் சக்கரத்தில் இருக்கும் கார்பரண்டம்தான் அது. 1954-இல் தொடங்கிய சென்னையின் கார்பரண்டம் யுனிவர்சல் நிறுவனம் பெயர் பெற்றதும் இப்பொருளால்தான். வைரம் பதித்த கருவி கொண்டுதான் இந்தத் தட்டைக் கடைய முடியும். மண்சுவரில் கலந்த வைக்கோல்போல், உள்ளிருக்கும் நார் அது உடையாமல் காக்கிறது. எடையோ இரும்புத் தட்டில் ஏறத்தாழப் பாதி. வேலை மிகுதி, ஆதலால் விலையும் மிகுதி.

நம் லோரியிலும் மோட்டார் சைக்கிளிலும் அந்தத் தட்டு இல்லை. அதனாலென்ன? மலையிறங்கும்போது முதலிலேயே கீழ்க் கியர் போட்டால், இன்ஜினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் கொதிக்காது. தேய்ந்த கட்டையை "இன்னும் ஒரு மாசம் ஓடட்டும்" என்று தள்ளிப் போடவும் வேண்டாம்.

மாணவச் செல்வங்களே! தோலிலிருந்து இந்தத் தட்டுக்கு வர உலகுக்கு 113 ஆண்டுகள் பிடித்தன. இன்று மாலை அப்பாவின் மோட்டார் சைக்கிள் பிரேக்கைப் பார்க்க உங்களுக்கு ஒரு நிமிடம் போதும். பார்ப்பீர்கள்தானே?