மணற்கடல் கடந்த லொறிகள்

எகிப்து நாட்டிலே நைல் நதிக்கு மேற்கே தொடங்கி, லிபியாவின் உட்பகுதி வரை விரிந்து கிடக்கும் பாலைநிலம் லிபியப் பாலைவனம் எனப்படும். பரப்பிலே அஃது ஏறக்குறைய இந்தியாவை ஒத்தது. பல ஆண்டுகளாக மழைத்துளியே காணாத இடங்கள் அங்கு உள. ஒரு கிணற்றுக்கும் மறு கிணற்றுக்கும் இடையே நூற்றுக்கணக்கான மைல் தூரம் உண்டு. பாலைவனக் கப்பல் எனப் போற்றப்படும் ஒட்டகத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. நீரின்றி அது நடக்கக்கூடியது சில நாட்களே. அந்நாட்களுக்குள் அடுத்த கிணற்றை அடையாவிடின் ஒட்டகமும் மாளும். அதனை நம்பிச் சென்றவனும் மாள்வான். இக்காரணத்தால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அப்பாலையின் நடுப்பகுதி நிலப்படத்திலே பெரும்பாலும் வெற்றிடமாகவே விளங்கிற்று. அவ்வெற்றிடத்தை நிரப்புவதற்குத் துணை நின்றது, கடையிலே எவரும் விலை கொடுத்து வாங்கக்கூடிய சாதாரண மோட்டார் வண்டி என்பது வியப்புக்குரிய செய்தியாகும்.

முதலாம் உலகப் போரின்போது, 1916ஆம் ஆண்டளவில், பிரித்தானியப் படையினர் எகிப்தின் மேற்கெல்லையைக் காப்பதற்குப் போர்ட் நிறுவனத்தின் 'ரி' வகைக் கார்களைப் பாலையில் ஓட்டினர். போர் முடிந்ததும் அவர்கள் கற்ற வித்தை பெரும்பாலும் மறக்கப்பட்டது. பின்னர் எகிப்திய இளவரசர் கமால் எல் டீன், சங்கிலிப்பட்டி பூட்டிய சிற்றோன் வண்டிகளிலே நெடும்பயணங்களை மேற்கொண்டார். ஆனால் அத்தகைய வண்டிகள் செல்வர்க்கே உரியன. சாதாரண வண்டியைச் சாதாரண மனிதர் கொண்டுசெல்லும் வழியைத் தேடியவர் ரால்ப் பக்னோல்ட் என்னும் பிரித்தானியப் படை அதிகாரியே.

1896இற் பிறந்த பக்னோல்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற் பொறியியல் பயின்றவர். 1926இல் எகிப்துக்கு அனுப்பப்பட்ட அவர், விடுமுறை கிடைத்தபோதெல்லாம் நண்பர் சிலருடன் தம் சொந்தச் செலவிலே பாலையினுட் சென்றார். முதலில் 'ரி' வகைப் போர்ட் கார்களும், பின்னர் 'ஏ' வகைக் கார்களும் லொறிகளும் அவர்களுக்கு வாகனமாயின. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே அவ்வண்டிகளை அவர்கள் பயன்படுத்தவில்லை. பயணத்துக்கு வேண்டாதவை எனக் கண்டவற்றைக் கழற்றி வீசினர். பின்புறத்திலே நீரும் பெற்றோலும் உணவும் அடுக்கத்தக்க மரப்பெட்டி போன்ற உடலை அமைத்தனர். நீண்ட பயணத்துக்கு வண்டியை ஆயத்தஞ் செய்வது என்றால் பலவற்றைக் கொண்டுவந்து பூட்டுவதே எனப் பலர் எண்ணுவர். பக்னோல்டின் முறையோ கழித்தலில் தொடங்கியது. மயிலிறகாயினும் அளவின்றி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் அரசர்க்கு உரைத்த எச்சரிக்கை, இங்கு உவமையாக அன்றி நேர்ப்பொருளிலேயே உண்மையாயிற்று.

அவர்கள் எதிர்நோக்கிய இடர்கள் மூன்று. முதலாவது, சில்லுகள் மணலிற் புதைதல். புதைந்த சில்லு சுழலச் சுழல மேலும் ஆழப் புதையும். இதற்குப் பரிகாரமாக ரயர்களின் காற்றைக் குறைத்தனர். காற்றமுக்கம் குறைந்த ரயர் அகன்று பரந்து, பாரத்தைக் கூடிய பரப்பிலே தாங்கும். அதனாலும் பயனில்லையெனின், வாய்க்கால் வடிவிலமைந்த எஃகுத் தகடுகளைச் சில்லுகளின் முன்னே இட்டு, அவற்றின்மீது வண்டியை ஏற்றினர். போர்க்காலத்திலே பதுங்குகுழிகளுக்குக் கூரையிடச் செய்யப்பட்ட அத்தகடுகளைப் பக்னோல்ட் கெய்ரோ நகரின் பழைய இரும்புக் கடையொன்றிற் கண்டெடுத்தார் என்பர்.

இரண்டாவது இடர் எஞ்சினின் தாகம். கொதிக்கும் றேடியேற்றரிலிருந்து நீர் ஆவியாகி வெளியேறினால், மனிதர் குடிக்கவேண்டிய நீரை எஞ்சின் குடித்துவிடும். ஆகவே றேடியேற்றரின் வாயை இறுக மூடி, அதன் மேற்புறத்திலிருந்து ஒரு குழாயைப் பக்கத்திலே பொருத்திய நீர்த் தகரமொன்றினுள் இறக்கினர். வெளியேறும் ஆவி அத்தகரத்து நீரிலே குளிர்ந்து நீராகும். எஞ்சின் குளிர்ந்தபின், றேடியேற்றரினுள்ளே உண்டாகும் வெற்றிடம் அந்நீரை மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். ஒரு சொட்டும் வீணாகாத இவ்வேற்பாட்டின் அடிப்படையை இக்காலக் கார்களின் எஞ்சின் பக்கத்திலுள்ள சிறு நீர்க்கலத்திற் காணலாம்.

மூன்றாவது இடர் திசை. சுற்றிலும் இரும்பு சூழ்ந்த வண்டியினுள்ளே காந்த ஊசி பிழையான வழியையே காட்டும். இறங்கித் தூரச் சென்று பார்ப்பதாயின் அடிக்கடி வண்டியை நிறுத்தவேண்டும். அதனாற் பக்னோல்ட் சூரிய திசைகாட்டியைச் செம்மைப்படுத்தினார். பாகைகள் குறிக்கப்பட்ட வட்டத் தட்டின் நடுவே நிமிர்ந்து நிற்கும் ஊசியின் நிழல், ஓடும் வண்டியிலேயே திசையைக் காட்டியது. சென்ற திசையையும் மைல் எண்ணிக்கையையும் பகல் முழுவதும் குறித்துவைத்து, இரவிலே விண்மீன்களை அளந்து தாம் நிற்குமிடத்தைச் சரிபார்த்தனர். இவ்வாறு ஆயத்தஞ் செய்த வண்டிகளிலே 1930இற் பெருமணற்கடலைக் கடந்து உவைனாத் மலையை அடைந்தனர். உயர்ந்த மணற்குன்றுகளின் சரிவிலே தயங்காது விரைந்து ஏறினால் வண்டி மேலெழும் என்பதையும் அனுபவத்திற் கண்டனர். ஆனால், உச்சிக்கு அப்பால் மணல் திடீரெனச் சரிந்து வீழுமாதலின், எங்கே நிறுத்துவது என்பதையும் ஓட்டுநர் அறிந்திருத்தல் வேண்டும்.

நண்பர் சிலரின் விடுமுறைப் பொழுதுபோக்காக இருந்த இவ்வித்தைக்கு 1940இல் எதிர்பாராத வேலை வந்தது. அவ்வாண்டு யூன் மாதம் 10ஆம் திகதி இத்தாலி போரிற் குதித்தது. லிபியா அப்பொழுது இத்தாலியர் கையில் இருந்தது. எகிப்தைக் காத்து நின்ற பிரித்தானியத் தளபதி, பின்னாளில் இந்தியாவின் வைசிராயாக விளங்கிய வேவல் ஆவார். எதிரியின் முதுகுப்புறத்தே பாலை வழியாகச் சென்று வேவு பார்க்க ஒரு சிறு படை வேண்டுமெனப் பக்னோல்ட் அவரிடம் விண்ணப்பித்தார். வேவல் உடனே இசைந்தார். ஆயத்தத்துக்குக் கிடைத்த தவணை ஆறு வாரம். 'நெடுந்தூரப் பாலைவன அணி' இவ்வாறு தோன்றியது. பழைய தோழர்களான கிளேற்றனும் கெனடி ஷோவும் தாம் பணிபுரிந்த நாடுகளிலிருந்து வந்து சேர்ந்தனர். முதலிற் சேர்ந்த வீரர்கள் நியூசிலாந்துத் தொண்டர்கள். அவர்களுட் பலர் கமக்காரர். இயந்திரங்களைத் தம் கையாலேயே பழுதுபார்த்துப் பழகியவர்கள்.

வண்டிகளாக 30 அந்தர் பாரம் ஏற்றும் செவ்ரொலே லொறிகள் தெரிந்தெடுக்கப்பட்டன. எகிப்திலிருந்த வணிகரிடம் சிலவற்றை வாங்கினர். எகிப்தியப் படையிடம் இரந்தும் பெற்றனர். அவற்றின் கதவுகள், கூரை, முன்கண்ணாடி ஆகியன கழற்றப்பட்டன. பாரத்தைத் தாங்கும் வில்லுத்தகடுகள் வலுப்படுத்தப்பட்டன. நீர் சேமிக்கும் தகரமும், சூரிய திசைகாட்டியும், எஃகுத் தகடுகளும், கம்பியில்லாத் தந்திக் கருவியும், துப்பாக்கித் தாங்கிகளும் பொருத்தப்பட்டன. வேறெவர் உதவியுமின்றி ஆயிரம் மைலுக்கு மேற் செல்லத்தக்க பெற்றோலும், வாரக்கணக்கில் வேண்டிய உணவும் நீரும் ஒவ்வொரு அணியிலும் ஏற்றப்பட்டன. ஒருவருக்கு நாளொன்றுக்கு 6 பைந்து நீர் என்பதே அளவு. செப்டெம்பர் மாதத்தில் அணிகள் பாலையினுட் புகுந்தன.

1941இலே நான்கு சில்லுகளையும் எஞ்சின் இயக்கும் போர்ட் லொறிகள் அவர்களுக்குக் கிடைத்தன. மணலுக்கு அவையே உகந்தன என எவரும் எண்ணுவர். ஆனால் அவை பாரங் கூடியன. பெற்றோலை மிகுதியாக உண்டன. அதிக பெற்றோல் வேண்டுமெனின் அதனைச் சுமக்கவும் பலம் வேண்டும்; பயணத் தூரமோ குறையும். ஆகவே 1942இல், கனடாவிலிருந்து வந்த இரு சில்லு இயக்கமுள்ள செவ்ரொலே லொறிகளுக்கே அவர்கள் மீண்டனர். வலிமை மிகுந்த வண்டி எப்பொழுதும் தூரம் செல்லும் வண்டியாகாது என்பதை அவ்வீரர் அனுபவத்தால் உணர்ந்தனர்.

வண்டியை இழந்தவன் நிலை யாது என்பதையும் அப்பாலை காட்டிற்று. 1941 ஜனவரி 31ஆம் திகதி, ஜெபல் ஷெரீப் என்னுமிடத்தில் இத்தாலியரின் வண்டிப்படையும் விமானங்களும் ஓர் அணியைத் தாக்கின. லொறிகள் சில எரிந்தன, கிளேற்றன் சிறைப்பட்டார். நியூசிலாந்து வீரர் மூர் என்பவரும் வேறு மூவரும் மலையிலே மறைந்திருந்து தப்பினர். அவர்களிடம் இருந்த நீர் இரண்டு காலனுக்கும் குறைவு. மூருக்குக் காலிலே காயம். சரணடைய மனமின்றி, தம் லொறிகள் வந்த சில்லுத் தடத்தையே வழியாகக் கொண்டு தெற்கு நோக்கி நடந்தனர். பத்து நாட்களின் பின், பிரெஞ்சுப் படையினர் அவர்களைக் கண்டெடுத்தபோது, மூர் 210 மைல் நடந்திருந்தார். மீட்கப்பட்டவருள் ஒருவர் அன்றே உயிர்நீத்தார். பக்னோல்ட் ஒவ்வொரு சொட்டு நீருக்கும் கணக்குப் பார்த்தது உலோபத்தனம் அன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அவ்வணியினர் 1942இற் கரையோரப் பெருந்தெருவின் அருகே நாட்கணக்கில் ஒளிந்திருந்து, எதிரியின் வாகனங்களை ஒவ்வொன்றாக எண்ணிக் கம்பியில்லாத் தந்தி மூலம் அறிவித்தனர். துனீசியாவில் மாரெத் அரணைச் சுற்றிச் செல்லும் கணவாயைக் கண்டவரும் அவர்களே; 1943 மார்ச்சில் அவ்வழியே பெரும்படை சென்றது. அறியும் ஆவலாற் பிறந்த கலை போருக்குக் கருவியானது வரலாற்றின் துயரங்களுள் ஒன்று. ஆயினும் அது போரோடு மாய்ந்துவிடவில்லை. பாலையிலே மணல் நகரும் விதத்தைக் கண்டு வியந்த பக்னோல்ட், அதனைக் கணிதத்தாலும் சோதனையாலும் ஆராய்ந்து, 1941இல் ஒரு நூலாக வெளியிட்டார். 1944இல் ரோயல் சங்கம் அவரைத் தன் உறுப்பினராக்கியது. 1990இல், தமது 94ஆவது வயதில் அவர் காலமானார்.

அமைதிக் காலத்திலும் அக்கலை வளர்ந்தது. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் மாணவர் சிலர் 1955இல் இரண்டு லாண்ட்றோவர் வண்டிகளிலே லண்டனிலிருந்து புறப்பட்டு, 1956இற் சிங்கப்பூரை அடைந்தனர். இன்று பல நாடுகளிலே பிக்கப் வண்டியைப் பயண வாகனமாக மாற்றுவோர், உணவறையும் உறங்கும் கூடாரமும் பொருத்தி நெடுந்தூரம் செல்கின்றனர். சில்லின் கீழே இடுதற்கு அவர்கள் கொண்டுசெல்லும் பலகை, கெய்ரோவின் பழைய இரும்புக் கடையிற் கிடைத்த தகட்டின் வழித்தோன்றலே. ரயரின் காற்றைக் குறைத்து மணலில் இறங்குவோர், பக்னோல்டின் பெயரை அறியாதோராயினும் அவர் மாணாக்கரே. இத்தனை ஏற்பாடு எதற்கு எனக் கேட்போர், லண்டனிலுள்ள போர் நூதனசாலையிற் பாதுகாக்கப்படும் ஒரு லொறியைப் பார்த்தல் நன்று. பாலையிலே கைவிடப்பட்டு, நெடுங்காலத்தின் பின் மீட்கப்பட்ட அந்த 30 அந்தர் செவ்ரொலே, துருப்பிடித்த கோலத்திலேயே அங்கு நிற்கின்றது.

பக்னோல்டின் பெயர் இப்பூமிக்கு அப்பாலும் சென்றுவிட்டது. செவ்வாய்க் கிரகத்திலுள்ள மணற்குன்றுத் தொகுதி ஒன்றுக்கு விஞ்ஞானிகள் அவர் பெயரைச் சூட்டினர். 2015ஆம் ஆண்டிலே 'கியூரியோசிற்றி' என்னும் ஆளில்லா ஊர்தி, தன் ஆறு சில்லுகளோடு அக்குன்றுகளை அடைந்து ஆராய்ந்தது. வழியிலே எடுத்துக் கொடுப்பாரின்றி, வேண்டியவற்றை மட்டும் சுமந்து, ஒவ்வோர் அளவையும் புறப்படுமுன்னரே கணக்கிட்டுச் சென்ற ஊர்தி அது. பழைய போர்ட் வண்டிகளின் முன்னே நின்று, எதைக் கழற்றலாம், எதைச் சுமக்கவேண்டும் என்று அந்நண்பர்கள் எண்ணிப் பார்த்த கணக்கும் அதுவேயாகும்.