பாஸ்டன் ஐஸ், ஊட்டி விறகு, நம்ம வீட்டு ஏசி

போன நவம்பர் மழையில் ஒரு வாரம் துணி காயவே இல்லை. பட்டாபிராமில் எங்கள் மாடியில் நாலு கொடி கட்டியும் பிரயோஜனம் இல்லை. அம்மாதான் ஒரு வழி கண்டுபிடித்தார். கொசுவுக்குப் பயந்து ஜன்னலை மூடிவிட்டு, ராத்திரி கால் முடியும் வரை நான் ஏசி போட்டு வேலை பார்ப்பேன். அந்த ஏசியின் அவுட்டோர் யூனிட்டுக்கு எதிரே ஒரு கயிறு கட்டி, துண்டையெல்லாம் போட்டுவிட்டார். காலையில் எல்லாம் மொறமொறவென்று காய்ந்திருந்தது. "எவ்ளோ அனல் அடிக்குது பாரு, சும்மாதானே போகுது" என்றார்.

சும்மா போகும் அந்த அனலை வைத்துத்தான் பல குளிர்நாடுகளில் இன்று வீட்டையே சூடாக்குகிறார்கள். அதற்கான மெஷினை ஹீட் பம்ப் என்கிறார்கள். நம் ஏசியும் அதேதான், திசை மட்டும் மாறியிருக்கிறது. வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உறிஞ்சி உள்ளே கொண்டுவந்தால் ஹீட்டர், உள்ளிருக்கும் சூட்டை வெளியே தள்ளினால் ஏசி.

ஐந்து டிகிரி குளிர்காற்றில் ஏது சூடு என்று கேட்கலாம். நானும் கேட்டேன். போர்வெல் மோட்டாரை நினைத்துக்கொண்டால் எளிது. மோட்டார் தண்ணீரை உண்டாக்குவதில்லை, கீழே இருப்பதை மேலே ஏற்றுகிறது. தண்ணீர் முப்பது அடியில் இருந்தால் கரண்ட் கொஞ்சம் போதும், முந்நூறு அடிக்குப் போனால் பில் எகிறும். வெப்பத்திலும் அதே கணக்குதான். ஐந்து டிகிரிக் காற்றிலும் வெப்பம் இருக்கிறது. அதை இருபது டிகிரி அறைக்குள் ஏற்ற வேண்டும், அவ்வளவே. ஏற்ற வேண்டிய உயரம் குறையக் குறைய மெஷினுக்கு வேலையும் குறையும். அதனால் கடுங்குளிர் நாட்டைவிட மிதமான குளிர் உள்ள ஊரில்தான் இது நன்றாக வேலை செய்யும்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று தேடியபோதுதான் எனக்கு ஆச்சரியம். அதன் வேரில் இருந்தது குளிர்நாட்டுக்காரனின் நடுக்கம் அல்ல, நம்மைப் போன்ற வெப்பநாடுகளின் புழுக்கம்.

1840களின் மெட்ராஸை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரர்களுக்கு இங்கே குளிர்ச்சி தர இருந்தவை பங்கா, நனைத்த வெட்டிவேர்த் தட்டி, பிறகு ஐஸ். அந்த ஐஸ் வந்தது அமெரிக்காவிலிருந்து. பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, பிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி கப்பலில் அனுப்பினார். 1833ல் கல்கத்தாவுக்குப் புறப்பட்ட முதல் சரக்கு 180 டன். நான்கு மாதப் பயணத்துக்குப் பிறகு கரைந்தது போக சுமார் 100 டன் வந்து சேர்ந்தது. மெட்ராஸில் அதைச் சேமித்து வைக்க 1842ல் கடற்கரையில் கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம்.

ஸ்காட்லாந்தின் அரச வானியலாளராக இருந்த சார்லஸ் பியாசி ஸ்மித், வெப்பநாடுகளில் அறைக்காற்றைக் குளிர்விக்க ஒரு வழியை 1850 வாக்கில் முன்வைத்தார். அவர் இளமையில் பத்தாண்டுகள் தென்னாப்பிரிக்காவின் வானாய்வகத்தில் வேலை பார்த்தவர், வெயில் தெரிந்தவர். காற்றை அழுத்தினால் சூடாகும் (சைக்கிள் பம்பைத் தொட்டுப் பாருங்கள்). அழுத்தியபடியே அந்தச் சூட்டை ஆறவிட்டு, பிறகு காற்றை விரியவிட்டால், முதலில் இருந்ததைவிடக் குளிர்ந்து வெளிவரும். அதை அறைக்குள் விடலாம் என்பது அவர் திட்டம்.

இந்த யோசனை கிளாஸ்கோவில் இருந்த வில்லியம் தாம்சனின் கவனத்துக்கும் வந்தது. பின்னாளில் லார்ட் கெல்வின் ஆனவர் இவர்தான். 1852 டிசம்பரில், 28 வயதில், கட்டடங்களைக் காற்றோட்டத்தால் சூடாக்குவது, குளிர்விப்பது இரண்டையும் பற்றி ஒரு கட்டுரை படித்தார். ஒரே இயந்திரத்தை இரண்டு பக்கமும் ஓட்டலாம் என்று அதில் காட்டினார். வெளிக்காற்றை முதல் உருளையில் விரியவிட்டுக் குளிர்விப்பது, அந்தக் குளிர்ந்த காற்று உலோகத் தொட்டி வழியாக வெளியுலகின் வெப்பத்தை வாங்கிக்கொள்வது, பிறகு இரண்டாவது உருளையில் அழுத்தி, சூடாக வீட்டுக்குள் அனுப்புவது. 10 டிகிரிக் காற்றை 27 டிகிரிக்கு ஏற்ற, கொள்கையளவில், அந்த வெப்பத்தில் 35ல் ஒரு பங்கு உழைப்பு போதும் என்று கணக்கு வந்தது. நீராவி எஞ்சின் நிலக்கரியின் ஆற்றலில் பெரும்பகுதியை வீணடித்தாலும், நேரடியாக எரிப்பதைவிட இது லாபம் என்பதுதான் வாதம்.

யாரும் அதை அப்போது கட்டவில்லை. பிரிட்டனில் நிலக்கரி மலிவு, கணப்பு ஏற்றினால் வேலை முடிந்தது. மெட்ராஸிலோ பாஸ்டன் ஐஸ் கரைந்தபடி வந்துகொண்டிருந்தது. 1874ல் இங்கே இன்டர்நேஷனல் ஐஸ் கம்பெனி தொடங்கி, மெஷினில் ஐஸ் தயாரித்த பிறகுதான் அந்த வியாபாரம் படுத்தது. வெப்பத்தை ஏற்றி இறக்கும் மெஷின் அப்படி நம் ஊருக்கு வந்தது, ஐஸ் போட மட்டும்.

இதே மெட்ராஸ் மாகாணத்தில் குளிருக்கு நடுங்கிய ஓர் ஊரும் இருந்தது. ஜான் சல்லிவன் 1819ல் நீலகிரி ஏறினார். சில ஆண்டுகளில் ஊட்டியில் கல்வீடுகள் எழுந்தன, ஒவ்வொரு வீட்டிலும் கணப்பு. தோடர்கள் அதே குளிரில் காலங்காலமாக வாழ்ந்தவர்கள். தவழ்ந்து நுழையும் சிறு வாசல் வைத்த, வளைந்த கூரைக் குடில் அவர்களுடையது. உள்ளிருக்கும் சூடு வெளியே போகாது. ஆங்கிலேயர் கட்டியது உயரமான கூரையும் பெரிய ஜன்னலும் வைத்த பங்களா. கணப்பின் சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானத்துக்குப் போனது.

அந்தக் கணப்புகளுக்கு விறகு சோலைக்காட்டிலிருந்து வந்தது. சோலை மரங்கள் மெதுவாக வளர்பவை, வெட்டிய வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. 1843ல் கேப்டன் காட்டன் வெலிங்டனில் ஆஸ்திரேலிய யூகலிப்டஸை நட்டார். 1850களில் விறகுத் தேவைக்கென்றே அரசு தோட்டமாக வளர்க்கத் தொடங்கியது. கூடவே சீகை மரமும் வந்தது. அவை புல்வெளிகளில் ஏறின. அந்தப் புல்வெளிதான் மழைநீரை உறிஞ்சி வைத்து ஓடைகளுக்குக் கசியவிடும் இடம், தோடர்களின் எருமை மேயும் இடம். பின்னாளில் தோல் பதனிடும் பட்டைக்கும் ரேயான் கூழுக்கும் என்று தோட்டங்கள் இன்னும் பெருகின. எல்லாப் பழியையும் கணப்பின் மேல் போட முடியாது. ஆனால் தொடக்கம் விறகுதான். இன்று ஊட்டிக்குப் போய் தைல மர வாசனையை ரசித்து மூச்சிழுக்கும்போது, நாம் முகர்வது ஒரு பழைய ஹீட்டிங் திட்டத்தின் மிச்சம்.

இதில் இன்னொரு முரண் உண்டு. 1932ல் பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கியது. 1960களில் குந்தா திட்டமும் வந்தது. நீலகிரியின் தண்ணீர் கரண்டாகி சமவெளிக்கு இறங்கி, கோயம்புத்தூர் மில்களை ஓட்டியது. மலையில் குளிர்காய விறகு தொடர்ந்து எரிந்தது.

அதே காலத்தில் வேறிடத்தில் கெல்வினின் கணக்கு நிஜமாகிக்கொண்டிருந்தது. 1920களின் இறுதியில் ஹால்டேன் என்ற பொறியாளர் ஸ்காட்லாந்தில் தன் வீட்டைச் சூடாக்கிப் பார்த்தார். 1938ல் சூரிச் நகரின் பழைய நகர்மன்றக் கட்டடத்தில் லிம்மாட் ஆற்று நீரிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப் பொருத்தினார்கள். அது அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடியது.

ஊட்டிக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜனவரி இரவில் வெளியே 5 டிகிரி, உள்ளே 20 வேண்டும். ஏற்ற வேண்டிய உயரம் 15 டிகிரி. கொள்கையளவில் ஒரு யூனிட் கரண்டுக்குச் சுமார் 19 யூனிட் வெப்பம் கிடைக்க வேண்டும். நடைமுறை மெஷின்கள் 3 முதல் 4 தருகின்றன. கம்பிச்சுருள் ஹீட்டர் தருவது சரியாக ஒன்று. மைனஸ் 15 டிகிரி குளிரும் ஊரில் இதே மெஷின் இரண்டு யூனிட் தரவே திணறும்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ஊட்டிக் காற்றில் ஈரம் அதிகம். உறைபனி நாளில் அவுட்டோர் யூனிட்டின் மேல் ஐஸ் படியும். அதைக் கரைக்க மெஷின் அவ்வப்போது திசை மாறி ஓட வேண்டும், அந்த நேரம் சூடு வராது. தகரக் கூரையும் சந்துள்ள ஜன்னலும் இருந்தால் எதைப் போட்டாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். விலையும் தோட்டத் தொழிலாளியின் வீட்டுக்கு எட்டாது.

ஆனால் மறுபக்கமும் பாருங்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மூடிய அறைக்குள் கரிக்கங்கு வைத்துத் தூங்கி, கார்பன் மோனாக்சைடு தாக்கி உயிர்விட்டவர்களின் செய்தி இன்றும் வருகிறது. ஒரு ராத்திரிக் குளிருக்குப் போன உயிர்கள். அறைக்குள் எதையும் எரிக்காமல் சூடாக்கும் வழி கணக்காக எழுதப்பட்டு 170 வருஷம் தாண்டிவிட்டது. லாட்ஜுகளில் தொடங்கினாலே போதும். வெப்பம், குளிர் இரண்டும் தரும் ஏசி டெல்லிப் பக்கம் சாதாரணமாக விற்கிறது. உள்ளே கூடுதலாக இருப்பது முக்கியமாக ஒரு வால்வுதான்.

பட்டாபிராமில் எனக்கு வீட்டைச் சூடாக்கும் தேவை இல்லை, மார்கழியிலும் இருபது டிகிரிதான். ஆனால் விடிகாலை ஆறு மணிக்கு ஒரு சுவரில் ஏசி வெப்பத்தைத் தெருவில் கொட்டுகிறது, அடுத்த சுவரில் கீசர் 2000 வாட் இழுத்து வெப்பம் உண்டாக்குகிறது. இரண்டுக்கும் பில் கட்டுவது நான். அடுத்த கீசர் ஹீட் பம்ப் வகையாக வாங்குவது என்று முடிவு செய்திருக்கிறேன். அதுவரை அம்மாவின் கயிறு அங்கேயே இருக்கட்டும்.