பந்தைக் கணக்கு எழுதியவர்

34 வருடம் கணக்குப் பிரிவில் பேரேடு புரட்டியவன் நான். இவன் ஏன் கால்பந்து பற்றி எழுதுகிறான் என்று நண்பர்கள் சிரிக்க வேண்டாம். கால்பந்தை எண்ணால் அளந்துவிடலாம் என்று பென்சிலைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்த முன்னோடியும் ஒரு கணக்கு அதிகாரிதான்.

அவர் பெயர் சார்லஸ் ரீப். பிரிட்டிஷ் விமானப்படையின் கணக்குப் பிரிவில் விங் கமாண்டர். 1950 மார்ச் 18 அன்று ஸ்விண்டன் டவுன், பிரிஸ்டல் ரோவர்ஸ் அணிகளின் ஆட்டத்தைப் பார்க்கப் போனார். ஸ்விண்டன் திரும்பத் திரும்ப முன்னேறியும் முதல் பாதியில் பலன் இல்லை. இடைவேளை முடிந்ததும் நோட்டையும் பென்சிலையும் எடுத்தார். பந்து எங்கே கிளம்பியது, எத்தனை கால் மாறியது, எங்கே பறிபோனது எல்லாவற்றையும் சுருக்கக் குறியில் எழுதினார். இரவு ஆட்டங்களுக்குச் சுரங்கத் தொழிலாளியின் விளக்குத் தொப்பியோடு போவாராம். 1958 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தைச் சுவரில் ஒட்டும் காகிதச் சுருளில் வரைந்து வைத்தார்.

1968-ல் பெர்னார்ட் பெஞ்சமின் என்ற புள்ளியியலாளரோடு சேர்ந்து அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். மூன்று பாஸுக்குள் முடிந்த நகர்வுகளிலிருந்தே சுமார் 80 சதவீத கோல்கள் வருகின்றன. ஆகவே சுற்றி வளைக்காமல் பந்தை நீளமாக அடியுங்கள் என்பது ரீபின் முடிவு. இங்கிலாந்தில் பலர் இதை வேதவாக்காகவே எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் மொத்த நகர்வுகளில் 90 சதவீதத்துக்கு மேல் அந்தக் குறுகிய வகைதான் என்று அவருடைய எண்களே சொல்கின்றன. 90-க்கு மேல் முதலீடு, 80 வரவு. மீதி இருந்த பத்துக்கும் குறைவான நீண்ட நகர்வுகள் 20 தந்தன. எது லாபம்? வரவை மட்டும் பார்த்து முதலீட்டைப் பார்க்காமல் விட்டார், அதுவும் ஒரு கணக்கு அதிகாரி!

பிறகு கணக்கு அணியிலிருந்து தனி வீரனுக்கு இறங்கியது. மான்செஸ்டர் யுனைடெட்டின் தடுப்பாட்டக்காரர் யாப் ஸ்டாம் 2001-ல் லாசியோவுக்கு விற்கப்பட்டார். எதிராளியின் காலிலிருந்து அவர் பந்தைப் பறிக்கும் எண்ணிக்கை குறைந்ததும் ஒரு காரணம் என்று சொல்வார்கள். நல்ல தடுப்பாட்டக்காரன் முன்கூட்டியே சரியான இடத்தில் நின்றுவிடுவான். பாய்ந்து பறிக்கும் தேவையே அவனுக்கு அதிகம் வராது. விற்றது தவறு என்று பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசனே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியவர்களில் இயன் மெக்ஹேல் முக்கியமானவர். அவரும் சகாக்களும் பிரீமியர் லீக் வீரர்களுக்காக உருவாக்கிய மதிப்பீட்டு முறையை 2012-ல் விளக்கி எழுதினார்கள். அதில் ஆறு கூறுகள். கோலுக்கும், கோலுக்கு வழிசெய்த பாஸுக்கும் மட்டும் மதிப்பெண் கொடுத்தால் தடுப்பாட்டக்காரன் பட்டினிதான். அதனால் அணி பெற்ற புள்ளிகளை, ஆடிய நிமிடங்களுக்கு ஏற்ப எல்லோருக்கும் பங்கு பிரித்தார்கள். கோல் வாங்காத ஆட்டத்துக்கும் மதிப்பெண் வைத்தார்கள். நடக்காமல் போன கோலுக்கும் வரவு வைத்தார்கள் என்று படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

காரணம் உண்டு. பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்த காலத்தில் நானும் ஒரு மதிப்பெண் தாள் போட்டேன். மாதத்துக்கு எத்தனை ஃபைல் பைசல் செய்தார் என்பதுதான் அளவுகோல். கடைசி மேசையில் இருந்த ஒருவர் எப்போதும் அடியில்தான் இருப்பார். அந்தத் தாளை நம்பி அவருக்குச் சுமாரான குறிப்பு எழுதினேன். பதவி உயர்வு தள்ளிப்போனது.

ஒருமுறை அவர் இரண்டு மாதம் மருத்துவ விடுப்பில் போனார். அந்த இரண்டு மாதமும் எங்கள் கணக்கு நேரானதே இல்லை. மற்றவர்களின் தவறுகளை ஃபைல் என் மேசைக்கு வருவதற்கு முன்பே அவர் ஓசையில்லாமல் திருத்திக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. அடுத்த வருடம் குறிப்பை மாற்றி எழுதினேன். அதற்குள் அவருக்குப் பின்னால் வந்த இருவர் அவரைத் தாண்டிப் போய்விட்டார்கள். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எண்கள் பொய் சொல்வதில்லை. எதை எண்ணுவது என்று தீர்மானித்தவன் நான்தான்.